ஆண்டு மலரில் ஒரு வரியை நீக்கக் கோருதல்

பேகம்பூர், திண்டுக்கல்.
வியாழன், மாலை மணி 4.10

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியை சிஸ்டர் ஜெஸ்ஸி அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் ஜூன் மாதம் சிறப்புக் கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த வினோலியாவின் தகப்பன், ஓய்வுபெற்ற பஸ் டைம்கீப்பர் அருளப்பன், தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ரோசலினும் சுகம். அவளுக்கு மூட்டுவலி, எனக்குச் சர்க்கரை. இவை நீங்கலாகச் சுகம். அங்கு தாங்களும் மற்ற சிஸ்டர்மாரும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போன வாரம் என் மகளின் டிபன் பாக்ஸைத் தூக்கிப்போன குரங்குக்காகவும் வேண்டுகிறேன், ஏனென்றால் அன்றைக்குச் சோற்றுக்கு வெஞ்சனம் வைத்தது வினோலியா.

விஷயம் இதுதான். ஆண்டு மலரில் போடுவதற்காகப் புதிய ஆசிரியர்களிடம் பின்னணி, பயிற்சி, ஆர்வங்கள் என்று மூன்று கட்டம் போட்ட படிவம் கொடுத்திருக்கிறீர்கள். அவள் நிரப்பித் தந்ததன் நகல் நேற்று வீட்டில் கிடந்தது. நான் ஒளிந்து பார்க்கவில்லை, கண்ணாடி மாட்டிக்கொண்டு நேராகத்தான் பார்த்தேன். முதலில், 'ஏ. வினோலியா' என்று அச்சடித்திருக்கிறது. அருளப்பனுக்கு 'அ'தான் சிஸ்டர். 'ஏ' என்று போட்டால் ஏகாம்பரம் மகளா என்று கேட்பார்கள். இனிஷியல் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. அது போகட்டும். பின்னணி என்ற கட்டத்தில், நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் கால்கடுக்க நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் தாத்தா சாணார்பட்டிப் பக்கம் உபதேசியாராக இருந்ததும் இல்லை. ஒரே ஒரு வரி: 'ரொனால்டின் தங்கை.' தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

காரணம், வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் சின்னாளப்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜின் அக்கா மகள் தங்கள் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு. மலர் அந்த வீட்டுக்குப் போகும். நான் அவர்களிடம் "எங்களுக்கு ஒரே பொண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதில் பொய் இல்லை சிஸ்டர், பொண்ணு ஒண்ணுதான். பையனைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. முன்னே வந்த வரனிடம் உள்ளதைச் சொன்னோம். "உங்க வகையில அது மாதிரி வேற ஆரும் இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள்தான், இன்றுவரை தகவல் இல்லை. எனக்கு அறுபத்தஞ்சு ஆகிறது. இவளை ஒரு இடத்தில் கைப்பிடித்துக் கொடுக்காமல் எப்படிக் கண்ணை மூடுவேன்?

அவள் எழுதிய ஆர்வத்தையும் மாற்ற வேண்டும். 'பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சத்தம் கேட்பது' என்று எழுதியிருக்கிறாள். வயசுப்பிள்ளை எழுதுகிற எழுத்தா இது? பாடகர் குழு, தையல், சமையல் என்று போடுங்கள். மூன்றும் அவளுக்கு வராது, மலரில் வந்துவிட்டுப் போகட்டும். பயிற்சி என்ற கட்டத்தில் பி.எட். சிறப்புக் கல்வி என்று ஒழுங்காக எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'வீட்டில் ஆறு விதமான நத்தம்' என்று எழுதியிருக்கிறாள். படிக்கிறவர்கள் எங்கள் வீட்டை பஸ் டிப்போ என்று நினைப்பார்கள்.

நத்தம் விவரத்தைத் தங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ரொனால்டு எங்கள் தலைச்சன் பிள்ளை. ஐந்து வயதுவரை வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு நாள் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கண்டக்டர்கள் பஸ் போகிற ஊர்ப் பேரைச் சொல்லி, "நத்தம், நத்தம், நத்தம்" என்று கூப்பிட்டார்கள். பிள்ளையும் "நத்தம்" என்றான்! அங்கேயே அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் வேறு சொல்லே படிக்கவில்லை. பசித்தாலும் நத்தம், ஒண்ணுக்கு வந்தாலும் நத்தம், இடி இடித்தாலும் நத்தம், போதும் என்பதற்கும் நத்தம், தங்கச்சியைத் தேடினாலும் நத்தம். எந்த நத்தம் எதற்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவனுக்கு மூணு வயது இளையவளான வினோலியாதான். சாயங்காலம் நான் கேட்டைத் திறக்கும்போது மட்டும் தெருவே கேட்கிற மாதிரி ஒன்று போடுவான். "ஏலே, சும்மா இருடா" என்று ஓடிப்போய் வாயைப் பொத்துவேன். அது வயித்துவலி என்று நினைத்து வருஷக்கணக்காக ஓமத்தண்ணி கொடுத்தோம். மடக்கு மடக்கென்று குடிப்பான் பாவம்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக் குர்ஷித் பேகம், "என்னண்ணே, உள்ள பஸ் போற மாதிரி சத்தம் கேக்குது?" என்று கேட்டது. நான் மனுஷன்தானா தெரியவில்லை, "கிளி வளக்குறோம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா வாராவாரம் கிளிக்கென்று ஆயக்குடிக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தது. நன்றாக நறுக்கி, விதை எடுத்து, மேலே கொஞ்சம் சர்க்கரையும் தூவி. கிளிக்கு எவள் விதை எடுத்துக் கொடுப்பாள் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. பதினாலாவது வயதில் ரொனால்டு காய்ச்சலில் போனபோது முதலில் ஓடிவந்ததும் அந்தம்மாதான். "நம்ம கிளி போயிருச்சாண்ணே" என்று சொல்லி என் வாசலில் உட்கார்ந்து அழுதது. வெட்கத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

ஆகையால் சிஸ்டர், போனவன் போய்விட்டான், இருக்கிறவள் வாழட்டும். மேற்படி வரியை மட்டும் நீக்கி இந்தத் தகப்பன் வயிற்றில் பால் வார்க்க வேண்டும். தங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும், பேசுகிறவர்களும் பேசாதவர்களும், நூறு வயது இருக்க அன்னை மரியாள் துணைநிற்கட்டும். ரோசலின் தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
அருளப்பன்

பி.கு.: இப்போது மணி 5.40. கவரை ஒட்டுவதற்குள் வினோலியா வந்து, நின்றவாக்கிலேயே படித்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று பயந்தேன். நான்தான் பேச்சை மாற்றுவதற்காக, "ஆறு நத்தம்னு எழுதியிருக்கியே, எனக்கு அஞ்சுதானம்மா தெரியும்?" என்றேன்.

"சாயங்காலம் நீங்க கேட்டத் தொறக்கையில ஒண்ணு போடுவான்லப்பா?"

"அது வயித்துவலில்ல?"

"இல்லப்பா. அது 'அப்பா'."

ஓமத்தண்ணி கொடுத்தேனே சிஸ்டர். ஒம்பது வருஷம் அவன் வாயைப் பொத்துனேனே.

சின்னாளப்பட்டிக்குப் போன் போட்டு, எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க, மூத்தவன் இறந்துட்டான்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வினோலியா பக்கத்துலதான் நின்னா. கலந்து பேசிட்டுச் சொல்றோம்னாங்க. மேல எழுதுனது எதையும் மனசுல வச்சுக்காதீங்க. அந்த வரி அப்படியே இருக்கட்டும். திருத்தம் ஒன்றே ஒன்றுதான். அதில் வெறும் ரொனால்டு என்று இருக்கிறது. 'அ. ரொனால்டு' என்று போடவும். 'ஏ' அல்ல, 'அ'.