மாடத்திக்கு ஏழு பொன்னாடை

ஒரு காட்டில் நடந்த சிட்டுக்குருவிப் பாதுகாப்பு விழாவில்தான் மாடத்தியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தேன். அந்தக் காட்டில் மிஞ்சியிருந்த ஒரே குருவி அவள். புருஷன் முந்தின வாரம் கத்தரித் தோட்டத்தில் மருந்தடித்த புழுவைத் தின்று செத்துப்போனான். பாதுகாப்புச் சங்கக் கட்டடத்தின் மீட்டர் பெட்டிக்குள் மூன்று முட்டைகளை அவள் ஒருத்தியாகவே அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

சங்கச் செயலாளர் நரி வந்து கூப்பிட்டது.

"குருவி இல்லாம குருவி விழாவா? மேடையில தலையைக் காட்டிட்டு ஓடியாந்துரு மாடத்தி."

"முட்டை ஆறிப்போயிரும் அண்ணாச்சி."

"அஞ்சே நிமிசம்."

சிறப்பு விருந்தினர் யானை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. வரவேற்க ஆயிரம்வாலா கொளுத்தினார்கள். பக்கத்து மரத்து மைனாக்கள் அலறியடித்துக்கொண்டு அடுத்த காட்டுக்கே போய்விட்டன. "பறவைகளின் உற்சாகத்தைப் பாருங்கள்!" என்றது தொகுப்பாளர் கழுதை.

மாடத்தி எழுந்தாள். "அண்ணாச்சி, நான் கிளம்புதேன்."

"பொன்னாடை போர்த்தாம அனுப்புனா சங்கத்துக்குத்தான் அவமானம். உக்காரும்மா."

யானை போர்த்தியது. கடையில் யானை அளவுதான் இருந்ததாம். போர்த்தியதும் கழற்றிப் பின்னால் நிற்கும் ஆளிடம் கொடுத்துவிடுவது மேடை வழக்கம். மாடத்திக்குப் பின்னால் ஆள் இல்லை. அதற்குள் கரடிகள் பேரவை போர்த்தியது. முயல்கள் மன்றம் போர்த்தியது. வல்லூறுகூடப் பழைய பகையை மறந்து ஒன்று போர்த்தியது. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் படம் எடுத்தார்கள்.

அடியிலிருந்து ஏதோ முனகல் கேட்டது.

"ஏற்புரை சொல்லுது போல. மைக்கைக் கிட்ட வைங்கப்பா," என்றது நரி.

வைத்தார்கள். சத்தம் இல்லை.

"அம்மையாருக்கு நா தழுதழுத்துவிட்டது!" என்று கழுதை அறிவித்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன்.

நன்றியுரை முடிந்து, சுண்டல் கொடுத்து, நாற்காலிகளை அடுக்கும்போதுதான் யாரோ பொன்னாடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள்.

யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. "இதுக்குத்தான் குருவிகளைப் பாதுகாக்கணும்னு தலைதலையா அடிச்சுக்கறேன். யாரு கேக்கறா?"

மீட்டர் பெட்டிக்குள் மூன்று முட்டைகள் இருக்கின்றன. ஒன்றும் பொரியவில்லை.

நீதி: உயிரோடு இருக்க ஆசைப்படுகிறவர்கள், விழா எடுக்கும் அளவுக்கு அரிதாகிவிடக் கூடாது.