டிரைவர் ஏஞ்சல்

உதவி செய்தவரை மனிதராகவே விட்டுவைத்தால் என்ன குறைந்துவிடும்? சங்கரன்கோவில் சாம்சுந்தரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி இது. உதவுகிறவர்களையெல்லாம் தேவதூதர்களாக்கிவிடும் இனத்தைச் சேர்ந்தவர் அவர். உங்கள் தெருவிலும் இந்த இனம் உண்டு.

வேதாகமத்தில் தூதன் சேதியைச் சொல்லிவிட்டு மறைகிறவன். சினிமாவில் தேவதை வெள்ளை கவுனும் புகையுமாக வந்து, ஒரு பாட்டு முடிந்ததும் மறைகிறவள். இரண்டிலும் சாம்சுந்தருக்குப் பிடித்தது அந்த மறைவுதான். தூதனுக்கு வயிறு இல்லை, காப்பி கொடுக்க வேண்டாம். வீடு இல்லை, பிள்ளைகள் சுகமா என்று கேட்க வேண்டாம். நன்றியையும் ஜெபத்தில் நேராக மேலே அனுப்பிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். எவ்வளவு வசதி! அவருடைய செல்போனில் 'பிளம்பர் ஏஞ்சல்' இருக்கிறார், 'கரண்ட் ஏஞ்சல்' இருக்கிறார். பனவடலிசத்திரத்தில் இவர் கார் நின்றுபோன அன்று, கையிலிருந்த சவாரியை விட்டுவிட்டு ஓடிவந்த வேல்ராஜ், 'டிரைவர் ஏஞ்சல்'.

போன ஜூனில் அந்தத் தூதர் மறையாமல் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மக கோகிலாவுக்குப் பதினொண்ணாப்புல பயாலஜி குரூப் கிடையாதுங்காவ. இன்னையோட அட்மிஷன் முடியுது. தாளாளர் உங்ககூடப் படிச்சவராம்லா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தேவதூதனுக்கு எதுக்குவே சிபாரிசு?"

"தூதனுக்குப் பிள்ளை இருக்குல்லா அண்ணாச்சி."

வேறு வழியில்லை. தம் செல்வாக்கு வேல்ராஜுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத் தாளாளரிடம் பேசினார்.

"சேத்துக்கிடலாம்லே சாமு. தகப்பன் பேரென்ன?"

சாம்சுந்தர் விழித்தார். "ஏஞ்சல்."

"ஏஞ்சலா? அது பொம்பளப்பிள்ள பேருல்லா!"

"வேல்ராஜ்" என்றார் தூதர், தரையைப் பார்த்தபடி.

இடம் கிடைத்தது. மறுநாள் ஒரு பை புளியங்குடி எலுமிச்சம்பழத்தோடு வேல்ராஜ் வந்தார். "எங்களுக்கு நீங்கதான் தேவதூதன் அண்ணாச்சி."

சாம்சுந்தரின் முகம் மாறிவிட்டது.

"அதெல்லாம் வேண்டாம்வே. என்னைய சாம்சுந்தர்னே சொல்லும்."

ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய பட்டம், தமக்கு வந்தபோது ஏன் கசந்தது? எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கி உள்ளே வைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சென்ற மாதம் ஒருவரிடம் "தெய்வம் மாதிரி வந்தீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டீர்களே, அவர் பெயர் என்ன?