நாற்பத்து மூன்று வரி அட்டவணையும் ஐந்து கிலோ பார்லியும்

நாள், நேரம் எல்லாம் என்னைப்போலக் கொப்பியில் எழுதி வைக்கிறவர்கள் பிழை விடமாட்டார்கள் என்று எங்கள் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். நாங்களும் மற்றவர்களைப் போலத்தான் பிழை விடுகிறோம். அது எத்தனை மணிக்கு நடந்தது என்பது மட்டும் எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லப்போகிற பிழை ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து இருபதுக்கு நடந்தது.

அப்போது நான் மொன்றியல் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் இடத்தில் நேர அட்டவணை போடுகிறவனாக இருந்தேன். வீடு பியர்பொன்ட்ஸில். பக்கத்து வீட்டு லூக் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிற மனிதர். அவரைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. இரண்டு வருடமாகத் தகர டின்னில் வருகிற பார்லிப் பாகைத் தண்ணீரில் கரைத்துப் பியர் என்று ஒன்றைச் செய்துவந்தேன். லூக் ஒரு வாய் குடித்துவிட்டு, "உன் புல்வெளி இந்த வருடம் நன்றாக இருக்கிறது" என்பார். (மரியாதையான மனிதர்.)

உண்மையான பியர் என்றால் தானியத்திலிருந்தே தொடங்கவேண்டும். முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை உடைத்து, அளவான சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால், அதன் மாச்சத்து சீனியாக மாறும். மாற்றுகிற சக்தி அந்தப் பார்லிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. இளஞ்சூடு அதை எழுப்பும். கடுஞ்சூடு அதைக் கொன்றுவிடும். சீனி இல்லாவிட்டால் பியர் இல்லை, கஞ்சிதான். மூன்று புத்தகம் படித்து இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

என் மனைவி வசந்தி படித்தது வேறு. அவள் கராஜைப் படித்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, உந்தக் குழாயும் வாளியும் கிடக்கிற இடத்தில என்ர கார் நிக்கவேணும். போன வருசம் முழுக்கக் காரில பனி வழிச்சது நான். நீங்கள் இல்லை."

"ஒரே ஒரு நாள் தாரும். ஒழுங்காச் செய்து காட்டுறன்."

"சரி, ஒரு நாள். உது சரிவராட்டி பனி விழ முதல் எல்லாம் வித்துப்போட்டுக் கராஜை எனக்குத் தரவேணும். சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். அடுத்த சனிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

அந்த ஒரு நாளுக்காக நான் செய்த ஆயத்தத்தை ஒரு ராணுவம் செய்திருந்தால் ஏதாவது ஒரு நாட்டையே பிடித்திருக்கும். நாற்பத்து மூன்று வரியில் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஏழாவது வரி: கை கழுவுதல், இரண்டு நிமிடம். பத்தொன்பதாவது வரி: வெப்பமானியைத் துடைத்தல். முப்பத்தோராவது வரி: மனம் தளராமல் இருத்தல். (நேரம் குறிக்கவில்லை.) வசந்தி ஊர்ச் சனத்துக்கு ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற பெரிய பானையை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். தண்ணீரைச் சூடாக்கி ஆறவைத்து ஒத்திகை கூடப் பார்த்தேன்.

பார்லி வாங்கிய கடையில், "உடைத்துத் தரவா?" என்று அந்தப் பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். உடைத்த தானியம் நாள்பட்டால் வாசம் போய்விடும் என்று இரண்டாவது புத்தகத்தில் இருந்தது. எனக்கு அரைப்பதற்கு ஆள் இருந்தது.

அந்த ஆள் என் மச்சாள், வசந்தியின் அக்கா. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கிறா. அவவின் குசினிக்குப் பக்கத்து அறையில் மிளகாய்த்தூள் அரைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. மொன்றியலில் பாதித் தமிழ் வீடுகளின் கறி அவவின் தூளில்தான் கொதிக்கிறது. அவ மிளகாய் வறுக்கிற நாளில் கீழ்வீட்டுக் கிரேக்கர் தும்முகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

வியாழக்கிழமை ஐந்து இருபதுக்கு ஐந்து கிலோ பார்லியை அவவின் கையில் கொடுத்தேன்.

"மச்சாள், மாவாக்க வேண்டாம். குறுணலா உடைச்சாப் போதும். மெஷினில மிளகாய் ஒட்டியிருக்கக் கூடாது."

"தம்பி, நான் இண்டைக்கே தூள் அரைக்கிறன்? ரெண்டு கை அரிசி போட்டுச் சுத்தம் பண்ணிப்போட்டுத்தான் உம்மட சாமானைத் தொடுவன். நீர் போம்."

நிம்மதியாகப் போனேன். வெள்ளி பின்னேரம் வாய் இறுகக் கட்டிய பையை வாங்கி வந்தேன். எட்டாவது வரிக்குச் சரி போட்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு நாற்பது. தண்ணீர் சரியான சூட்டில் நின்றது. லூக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பொன்ஜூர்!" சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வசந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பையை அவிழ்த்தேன்.

கராஜ் முழுக்க வறுத்த வாசம். எட்டிப் பார்த்தேன். பாதி பொன்னிறம், பாதி கோப்பி நிறம்.

போன் எடுத்தேன்.

"மச்சாள், நீங்கள் உதை வறுத்தனீங்களோ?"

"ஓம் தம்பி, கோவிக்காதையும். பாதிதான் வறுத்தனான். பேரனைப் பிள்ளை பாக்கிற கார்டெரியில எடுக்கிற நேரம் வந்திட்டுது. மிச்சத்தை வறுக்கேலாமப் போச்சு."

"ஆர் உங்களை வறுக்கச் சொன்னது?"

"உதையும் சொல்லவேணுமே? பச்சையா அரைச்சா வண்டு பிடிக்கும், வயித்துக்கும் கூடாது. எல்லாம் ஒரே சீரா வரட்டும் எண்டு கலந்துதான் அரைச்சனான். வேணுமெண்டாக் கொண்டு வாரும், மிச்சத்தையும் வறுத்துத் தாறன்."

ஆயிரம் மன்னிப்பு வேறு, வறுக்காமல் விட்ட பாதிக்காக! அவவைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. கை கழுவுவதற்குக் கூட வரி எழுதிய மனிதன், அடுப்பையும் தமிழ்ப் பெண்ணையும் தானியத்தையும் ஒரே வீட்டில் விட்டுவிட்டு, "வறுக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதவில்லை.

"கார் உள்ளுக்கு வருது போல கிடக்கு," என்றாள் வசந்தி.

லூக் இரண்டு குறுணலை வாயில் போட்டுக் கடித்தார். "பாதி உயிரோடு இருக்கிறது. அது செத்த பாதியையும் சேர்த்து இழுக்குமா என்று பார்ப்போம். கொட்டு."

கொட்டினேன். அட்டவணையின் மிச்ச வரிகள் அத்தோடு முடிந்தன. ஒரு மணித்தியாலம் கழித்து லூக் வெள்ளைக் கோப்பையில் ஒரு சொட்டு எடுத்து, மேலே அயடின் விட்டார். கறுத்தால் மாச்சத்து அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

கறுத்தது. மை மாதிரி.

"உது என்ன நிறம்?" வசந்தி கேட்டாள்.

"கொஞ்சம் கறுப்பு."

"கொஞ்சமோ?"

சூடு இறங்காமல் பானையைப் பழைய கம்பளிப் போர்வைகளால் சுற்றினேன். பிறகு என் குளிர்கால ஜக்கெட்டையும் போட்டுப் பொத்தான் பூட்டினேன். அரை மணி கழித்து ஊதா. முப்பத்தோராவது வரி எனக்கு நினைவுக்கு வந்தது. அதைச் செய்வது எப்படி என்றுதான் எழுதவில்லை. இரண்டு மணித்தியாலம் முடிந்தபோது மறுபடி ஒரு சொட்டு. மூன்று தலைகள் அந்தக் கோப்பைக்கு மேலே குனிந்தன. அயடின் விழுந்தது. பழுப்பு மாறாமல் அயடினாகவே கிடந்தது.

லூக் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் பானையைக் கட்டிப்பிடித்தேன். (சூடு. தழும்பு இல்லை, கதைதான் இருக்கிறது.)

கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, போத்தலில் அடைத்து, ஐந்து கிழமை கழித்துத் திறந்தோம். கராஜில் நாலு பேர்: நான், வசந்தி, லூக், மச்சாள். வெளியே வானம் பனிக்கு மூட்டம் போட்டிருந்தது. கருந்தேன் நிறம். மேலே கட்டியான நுரை. லூக் ஒரு வாய் குடித்தார். புல்வெளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, வறுத்த பாண் ஓரத்தைத் தேனில் தோய்த்த மாதிரி இருக்கிறது என்றார். பிறகு என்னைத் தாண்டிப் போய் மச்சாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மெர்சி, மதாம்!"

மச்சாள் குடிக்கிறவ இல்லை. கிளாசை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தா.

"இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்."

வசந்தி ஒரு வாய் குடித்தாள், கிளாசை வைக்கவில்லை. முடிய மட்டும் குடித்தாள்.

"கார் வெளியில நிக்கட்டும்," என்றாள். "பனி நீங்கள் வழியுங்கோ."

அன்றிலிருந்து பனி நான்தான் வழிக்கிறேன், சந்தோஷமாக. லூக்கும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் பார்லிப் பைகளைத் தூக்கிக்கொண்டு மச்சாளின் மூன்று மாடி ஏறுகிறார்கள். பாதியை மட்டும் வறுத்து, மிச்சத்தைப் பச்சையாகவே அரைத்துக் கொடுக்க அவ பழகிவிட்டா, மனமில்லாமல்தான். கல்யாணம், பிறந்தநாள் என்று எங்கே போனாலும் அந்தப் பியர்தான் முதலில் முடிகிறது. புதிதாக ஆராவது, "இது ஆர் செய்தது?" என்று கேட்டால், வசந்தி மச்சாளைக் காட்டுவாள். பக்கத்தில் நிற்கிற என்னைப் பார்த்து, "இவர்?" என்றால், அதற்கும் அவளிடம் பதில் இருக்கிறது.

"இவர் அக்காவுக்குத் தண்ணி சுடவைச்சுக் குடுக்கிறவர்."