முருங்கைக் கட்சி

மேடையில் நன்றாகப் பேசுகிறவனுக்கு வீட்டில் மதிப்பில்லை என்பது உலகப் பொதுவிதி. என் வீட்டில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. மறைக்க வழியில்லை. என் மாமனார் இருக்கும்வரை (அவர் நூறாண்டு இருக்கட்டும், கஷ்டம் எனக்குத்தானே) ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டு விருந்துக்குப் போனாலும் சோற்றுக்கு முன்னால் அந்தக் கதைதான் பரிமாறப்படும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில், சின்னம்மா வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். கிழமை நாட்களில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். சனி, ஞாயிறுகளில் உலகத்தைத் திருத்தினேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு வாங்கிய இரண்டு கிண்ணங்களை அகதியாக ஓடிவந்தபோதும் விடாமல் தூக்கி வந்தவன் நான். (ஒரு நல்ல சுவெற்றர் கொண்டுவந்திருக்கலாம். முதல் பனிக்காலத்தில் கிண்ணத்தையா போர்த்துவது?) ஈராக் போர், ஐரோப்பிய ஒன்றியம், அணுகுண்டு, எதைத் தந்தாலும் எந்தப் பக்கமும் அரைமணி நேரம் பேசுவேன். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொன்னால் போதும்.

அந்தப் பெருமையில்தான் சின்னம்மா எனக்காகத் தங்கராசா வீட்டில் பெண் கேட்டார். தங்கராசா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். அதிகம் கதைக்காதவர். மகள் வாசுகி இங்கேயே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் உடனே ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"பெடியன் நல்லாக் கதைப்பான் எண்டு சொல்லினம். ஆண்டுவிழாவிலை ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்றாராம்.

ஒஸ்லோத் தமிழர்களின் ஆண்டுவிழாவில் பட்டிமன்றம். பட்டிமன்றத்துக்குப் பக்கத்துக்கு மூவர் வேண்டும், ஒஸ்லோவில் அந்த வருடம் அகப்பட்டது பக்கத்துக்கு ஒருவர். உலகம் சூடாகிறது, ஆகவே நோர்வே கடலில் எண்ணெய் எடுப்பதை நிறுத்த வேண்டுமா, தொடர்ந்து எடுக்கலாமா என்பது தலைப்பு. நிறுத்த வேண்டும் என்று பேச நான். எடுக்கலாம் என்று பேச, பார்த்தால், வாசுகி!

அவளே தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, எனக்கு வீட்டுத் தமிழ் வரும். மேடைத் தமிழ் வராது. எனக்கும் நீங்களே ஒருக்கா எழுதித் தருவீங்களோ?"

(அந்த 'அண்ணா'வை அவள் வாயிலிருந்து பிடுங்கி எறிவதற்குத்தான் நான் மேடையே ஏறுகிறேன். அது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.)

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் விழாக்களில் இங்கே பிறந்த பிள்ளைகள் பேசும் பேச்சையெல்லாம் ஊரில் படித்து வந்தவர்கள்தான் எழுதிக் கொடுப்போம். ஒரே ஆள் இரண்டு பக்கத்துக்கும் எழுதுவதும் நடக்கும். நான் செய்த புதுமை வேறு. என் பேச்சைப் பளபளவென்று எழுதினேன். அவளுடையதில் முதல் இரண்டு பந்தியை ஒழுங்காக எழுதிவிட்டு, மூன்றாவதில் ஒரு குழி வெட்டினேன்.

"உலகம் சூடானால் நமக்கென்ன நட்டம்? ஒஸ்லோவில் முருங்கை வளரும். குறொன்லாண்ட் கடைகளில், விமானத்தில் வந்து வாடிக் கிடக்கும் முருங்கைக்காய்க்குக் காத்து நிற்கத் தேவையில்லை. பல்கனியில் பறித்துக் குழம்பில் போடலாம். பனி வழிக்கிற சவளைத் தூக்கி எறியலாம்."

இதை அவள் வாசிப்பாள், சபை சிரிக்கும், நான் எழுந்து அந்த முருங்கையை வேரோடு பிடுங்குவேன். அவள் கண் கலங்குவாள். நான் மண்டபத்தின் பின்பக்கம் போய்த் தேத்தண்ணி எடுத்துவந்து, "பரவாயில்லை, அடுத்த முறை பாப்பம்" என்று ஆறுதல் சொல்வேன். பெண் மனதை வெல்ல இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். இருபத்தெட்டு வயதில் எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

விழா அன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தங்கராசா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். நடுவர் சபா மாஸ்டர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர், ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இண்டைக்கு ஒரு புதுமை செய்வம். வாசுகி படிக்கிற இடத்திலை விவாதம் எண்டால் மேடையிலைதான் பக்கம் பிரிக்கிறவையாம். நாங்களும் சீட்டுக் குலுக்குவம். எங்கடை ரமணன் எந்தப் பக்கமும் கதைக்கக்கூடிய ஆள்தானே?"

சபை கைதட்டியது. எப்படி மறுப்பது? நானே ஊரெல்லாம் பரப்பிய புகழ் அது. ஒரு தட்டில் இரண்டு சீட்டுகள் வந்தன. என்னை முதலில் எடுக்கச் சொன்னார்கள். விரித்தேன். 'எடுக்கலாம்' என்றிருந்தது. மற்றச் சீட்டை யாரும் விரித்துப் பார்க்கவில்லை.

வாசுகி சிரித்தபடி தன் தாள்களை என்னிடம் நீட்டினாள். "நீங்கள் எழுதினதுதானே அண்ணா, உங்களுக்குக் கஷ்டமிராது."

பார்த்தால், அத்தனையும் நோர்வே எழுத்தில் தட்டெழுதிய தமிழ். பதிலுக்கு என் பளபளப்புப் பேச்சை நீட்டினேன். அவள் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"கையெழுத்துத் தமிழ் எனக்கு வாசிக்கேலாது. நீங்கள் அனுப்பினதையும் அப்பாதான் வாசிச்சுச் சொன்னவர். நான் ரைப் பண்ணினனான்."

அப்பாதான் வாசித்தவர்! இங்கே பிறந்த பிள்ளைக்குக் கையால் எழுதிக் கொடுத்தால் அதை வீட்டில் யார் வாசிப்பார்கள் என்று, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த இந்தப் பெரிய மனிதன் யோசிக்கவேயில்லை. முன்வரிசையைப் பார்த்தேன். தங்கராசா கட்டிய கையை எடுக்காமல் ஒரு சின்னப் புன்னகை செய்தார். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

எழுந்தேன். "நடுவர் அவர்களே" என்றேன். மூன்று தரம் அதையே சொன்னேன். பிறகு தாளில் இருந்த முதல் இரண்டு பந்தியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். மூன்றாவதைத் தாண்டிக் குதிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நோர்வே எழுத்தில் தமிழ் வாசிப்பவனுக்கு எந்தச் சொல் வருகிறது என்பது பாதிச் சொல்லை வாசித்த பிறகுதான் தெரியும்.

"உலகம் சூடானால்... ஒஸ்லோவில்... முருங்..."

"முருங்கையோ?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"ஓம்" என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. ஒரு அக்கா எழுந்து, "தம்பி, கத்தரியும் வருமோ?" என்று கேட்டார். சபையில் எழுந்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் மேடைக் கொள்கை. "வரும் அக்கா, வெண்டியும் வரும்" என்றேன். பிறகு இறங்க வழி தெரியவில்லை. வாழை வந்தது, பாகல் வந்தது, வடக்கே பனி கொட்டுகிற துரொண்ட்ஹெய்மில் பனங்கிழங்கு வந்தது. பத்து நிமிடத்தில் நோர்வே முழுவதையும் தோட்டமாக்கிவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தேன்.

வாசுகி கையில் தாள் இல்லாமல் எழுந்தாள். ஐந்து நிமிடம்தான் பேசினாள், வீட்டில் கதைக்கிற தமிழில். கூடப் படிக்கும் வங்காளதேசத்துத் தோழியின் வீட்டுக்குள் கடல் தண்ணீர் வந்ததைச் சொன்னாள்.

"எண்ணெய் வித்த காசிலைதான் நான் படிக்கிறன். எங்கடை அம்மாவின்ரை ஒப்பரேசனும் அதிலைதான் நடந்தது. அது தெரிஞ்சுதான் சொல்லுறன், நிப்பாட்டத்தான் வேணும். ரமணன் அண்ணாவுக்கு முருங்கைக்காய் நான் குறொன்லாண்டிலை வேண்டித் தாறன்."

சபை கூரை பறக்கிற மாதிரிக் கைதட்டியது. நானும் தட்டினேன். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அத்தனை வருடம் பேசியதில் ஒரு பக்கத்தையாவது நான் நம்பிப் பேசியதில்லை.

நடுவர் தீர்ப்புக்கு முன் எனக்கு ஒரு நிமிடம் கொடுத்தார். சமாளித்திருக்கலாம். ஆனால் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"அந்த முருங்கையை எழுதினது நான்தான். வாசுகி தோக்க வேணும் எண்டு எழுதினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

முன்வரிசையில் இருந்த சின்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் பின்பக்கம் போய்த் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கராசா வந்தார்.

"தம்பி, சீட்டு ரெண்டிலையும் 'எடுக்கலாம்' எண்டுதான் இருந்தது. எழுதினது நான். மாஸ்டருக்கும் தெரியும்."

நான் மேடைப் பக்கம் திரும்பி மாஸ்டரைத் தேடினேன்.

"கள்ளவேலை செய்யிறதெண்டால் அப்பிடிச் செய்ய வேணும். உமக்கு அது வராது. செய்தாலும் அரைமணித்தியாலத்திலை நீரே சொல்லிப்போடுவீர். அப்பிடி ஒரு ஆள் மருமகனா வந்தால் எனக்கு நிம்மதி."

பின்னால் நின்ற வாசுகி என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் குடித்தாள். "அப்பா ஓம் எண்டிட்டார். நான் இன்னும் சொல்லேல்லை, ரமணன்" என்றாள்.

அண்ணா போய்விட்டது! அவள் ஓம் சொல்ல எட்டு மாதம் எடுத்தாள் என்பது வேறு விசயம்.

பிறகு வந்த எங்கள் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் மாமா குறொன்லாண்டில் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கி வந்து மேசையில் வைப்பார். "இன்னும் இஞ்சை வளரேல்லையோ தம்பி?" என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன கோடையில் எங்கள் மகள் எங்கிருந்தோ ஒரு முருங்கை விதை கொண்டுவந்து பல்கனிச் சாடியில் ஊன்றினாள். வழக்கமில்லாத வெயில். அது முளைத்தது, தளிர் விட்டது, முழங்கால் உயரத்துக்கு வந்தது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, உம்மடை கட்சி வெல்லப்போகுது போலை கிடக்கு."

"மாமா, நான் கட்சி மாறிக் கனகாலம்" என்றேன்.

செப்டெம்பரில் முதல் குளிர் வந்தது. இரண்டே நாளில் இலையெல்லாம் கொட்டித் தண்டு கறுத்துவிட்டது. மகள் அழுதாள். வாசுகி சாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, "உன்ரை அப்பா திரும்பவும் தோத்திட்டார்" என்று அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். நான் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பல்கனியில் போய் நின்றேன். நல்ல குளிர். தோற்றதற்காக இவ்வளவு சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.