இன்னொரு தபா

எந்தக் காரியத்தையும் ஒரே தடவையில் முடிக்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு பிறந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் என் தலையில் வந்து விடிந்தார். தடவையை எங்கள் பக்கம் தபா என்போம். அதனால் அவர் தபா அண்ணன்.

திருப்புலிவனம் சாலையில் இருக்கும் எங்கள் பட்டறையில் நான் சூப்பர்வைசர், அவர் உலைக்காரர். கடும் சூட்டைத் தாங்கும் செராமிக் பலகைகள் செய்கிறோம். செராமிக் இழைத் துணியை அடுக்கி, பிசினில் ஊறவைத்துச் சுட வேண்டும். சுட்டால் பிசின் சுருங்கி உள்ளே பொத்தல் விழும். மறுபடி ஊறவை, மறுபடி சுடு. எடை ஏறுவது நிற்கும்வரை இதே பாடுதான். எங்களுக்கெல்லாம் அலுத்துப்போகும். அவருக்கு மட்டும் அலுக்காது.

டீக்கடையில் போட்ட டீயைத் திருப்பிக் கொடுப்பார். "இன்னொரு தபா கொதிக்க வெய்யி நைனா." தன் அண்ணன் மகள் கல்யாணத்தில், தாலி கட்டியது சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தபா கட்டச் சொல்லுங்கள் என்று கேட்டவர். சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு இருவரும் பஸ்ஸுக்குப் பாதி வழி போனதும், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்புவார். அவரால் நான் தவறவிட்ட பஸ்களை வரிசையாக நிறுத்தினால் உத்திரமேரூர் ஏரிக்கரை போதாது.

ஒருமுறை வெளியூர்க் கம்பெனிக்காரர் ஒருவர் மாதிரிப் பலகை கேட்டார். இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பலகை தயாரானது, எடையும் நின்றது.

"போதும்ணா. இனிமே கை வைக்காதே."

"சரிப்பா."

மறுநாள் கம்பெனிக்காரர் தன் இரும்புச் சட்டத்தோடு வந்தார். பலகை உள்ளே நுழையவில்லை. மேலே பிசின் படிந்து ஒரு சுற்று பெருத்திருந்தது.

"இன்னாண்ணா பண்ணே?"

"மேலாக்க பொத்தல் கீற மாதிரி தெரிஞ்சிதுப்பா. அதான் இன்னொரு தபா..."

கம்பெனிக்காரர் அழுத்தித் தள்ளினார். மூலை விரிசல் விட்டது. ஆனால் விழவில்லை. இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன. அதை அவர் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"உடைஞ்சும் விடாம நிக்குதே. சரியான அளவுல ஒண்ணு செஞ்சு வைங்க. அடுத்த வாரம் வர்றேன்."

அவர் போன பிறகு தபா அண்ணன் உலை ஓரமாகக் குந்திவிட்டார். அந்த வார்த்தை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. அந்த மனிதர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

"எழுந்திரிண்ணா," என்றேன். "இன்னொரு தபா."

பட்டறையை மூடவில்லை. நானும் பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் ஏறிப் போக எனக்கு மனசு வருவதில்லை.