கடைசி ஆளாக நடந்தவர்

மலை ஏறுகிறவர்களில் முதல் ஆளாக உச்சியைத் தொட ஆசைப்படுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. கடைசி ஆளாகத் தொடுவதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் செஞ்சி கண்டக்டர்.

பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள் டவுன் பஸ்ஸில் விசில் ஊதியவரை, ஓய்வு பெற்ற பிறகும் வேறு பெயரால் அழைக்க ஊர் மறுத்துவிட்டது. ஞாயிறுதோறும் கோட்டை மலைகளில் நடக்கும் எங்கள் சிறு குழுவில் சேர்ந்தபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். எல்லோரும் முன்னால் போக வேண்டும். அவர் பின்னால்தான் வருவார்.

"பின் படிக்கட்டுதான் நம்ம எடம். அங்க நின்னாத்தான் யாரு ஏறினா, யாரு எறங்கினான்னு தெரியும்."

ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு என்றால் நடக்க வேண்டும். நூலகராக இருந்து ஓய்வு பெற்ற நான் உட்பட அனைவரும் ஒரே மாதத்தில் இதற்குப் பழகிப்போனோம். குழுவில் வேகமாக நடப்பவர் வல்லத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர்; எங்களுக்கு மண்டிக்காரர். ஒரு நாளாவது முன்னால் வந்து காற்று வாங்கும்படி அவர் கண்டக்டரைச் சீண்டுவார். "நீ டிரைவரு, ஓட்டிக்கினே இரு" என்று பின்னாலிருந்து பதில் வரும். எல்லோரிலும் மெதுவாக நடப்பவள் நான்; அதனால் கண்டக்டருக்கு நேர் முன்னால் எப்போதும் என் முதுகுதான்.

கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரியில் மூச்சு வாங்க நின்ற வெளியூர் இளைஞர் ஒருவரிடம், படியில் நிற்க வேண்டாம், மேலே இடம் இருக்கிறது என்றார் கண்டக்டர். மலை முழுவதுமே படிதானே என்று இளைஞர் பணிவாகச் சுட்டிக்காட்டினார். அதனால்தான் சொல்வதாகக் கண்டக்டர் விளக்கினார். இன்னொரு முறை, எங்கள் குழுவோடு கலந்துவிட்ட ஒரு சென்னை அம்மாளையும் அவர் தம் பயணியாகவே ஏற்றுக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருக்க, இவரும் நாலு படி கீழே கைகட்டி நின்றார். அந்த அம்மாள் இறங்கி வந்ததும் செய்த முதல் காரியம், நுழைவாயிலில் இவர்மீது புகார் சொன்னது. அந்தப் புகாரைக்கூட அவருக்குப் பின்னால் நின்றுதான் இவர் கேட்டார்.

சென்ற ஆண்டு, இனி ஆயுளுக்கும் படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். ஓசூரில் இருக்கும் மகள் வந்து அழைத்துப்போவதாகவும், அப்பா இனி அங்கேயே இருப்பதாகவும் முடிவாயிற்று. எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கே போக ஆசை என்று கேட்டோம். சற்றுக் கூச்சத்தோடு, கடலைப் பார்த்ததில்லை என்றார். இரண்டு மணி நேரத் தொலைவில் கடல் இருக்கிறது. ஆனால் அவருடைய பஸ் அங்கே போகவில்லை.

மரக்காணம் பக்கம் ஓர் இயற்கைக் காப்பகம் இருப்பதை மண்டிக்காரர் கண்டுபிடித்தார். கடலோரச் செம்மண் மேட்டின் மேல் ஒரு நடைபாதை, ஏற்றம் கிடையாது, படி கிடையாது, கைக்குழந்தைகூட நடக்கலாம். பாதையின் முனைக்குப் போனால் கீழே கடல்.

வேன் திண்டிவனத்தில் பஞ்சராகி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. ஐந்துக்கு வாயில் மூடப்படும். அதன் பின் நேர்ந்த தாமதம் என்னுடையது. பாதை நெடுகிலும் மரஞ்செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். எழுத்தைக் கண்டால் படிக்காமல் கடப்பது என்னால் ஆகாது. காரைச் செடி, பனை, முந்திரி என்று நான் நின்று நின்று படிக்க, எனக்குப் பின்னால் கண்டக்டரும் நின்றார். அவரை முன்னே போகச் சொன்னேன். "நீங்க படிங்க லைப்ரரிம்மா. வண்டி நிக்கும்" என்றார்.

கடலின் இரைச்சல் கேட்கத் தொடங்கிய இடத்தில், பின்னாலிருந்து ஒரு நீண்ட விசில் எழுந்தது. எல்லோரும் திரும்பி வரும்படி காவலர் ஊதியது அது. எங்கள் குழு அப்படியே நின்றது. முன்னால் இருந்த மண்டிக்காரர் தூக்கிய காலைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். மற்ற பார்வையாளர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார்கள். மூச்சிரைக்க ஓடி வந்த காவலர், ஊதியும் ஏன் வராமல் நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஊதியதால்தான் நிற்கிறோம் என்றார் கண்டக்டர். வண்டியை எடுக்க இரண்டு ஊத வேண்டும் என்பதை அவருக்கு விரிவாகவே விளங்கச் செய்தார். காவலருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மண்டிக்காரர் அவரைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னதும், பத்து நிமிடம் தருவதாகவும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரும்படியும் சொன்னார்.

மற்றவர்கள் விரைந்தார்கள். என் நடைக்கு, முனைக்குப் போய்த் திரும்பப் பத்து நிமிடம் போதாது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் என் பின்னால் அசையாமல் நின்றார்.

"போங்க கண்டக்டர். உங்களுக்காகத்தானே வந்தோம்."

"ஆள உட்டுட்டு நான் எங்கம்மா போறது? இன்னா பேச்சு இது?"

பாதையோரக் கல் ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன். "நான் இந்த ஸ்டாப்புலயே எறங்கிட்டேன்."

அவர் யோசித்தார். சட்டப்படி அதில் குற்றம் காண இடமில்லை.

"எறங்கிட்டீங்களா?"

"எறங்கிட்டேன்."

கண்டக்டர் என்னைக் கடந்து போனார். ஏழு ஆண்டுகளாக அவருடைய செருப்புச் சத்தத்தை என் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன். அவர் நடந்து நான் பார்த்ததில்லை. இடது காலை இழுத்து, வலது காலை அகட்டி வைத்து, ஒவ்வோர் அடிக்கும் தோள் ஒரு பக்கம் சாய நடந்தார். இந்தக் காலோடுதான் ராஜகிரி உச்சி வரை எங்களுக்குப் பின்னால் வந்திருக்கிறார். முனையில் அவர் தலை மட்டும் வானத்தை ஒட்டித் தெரிந்தது. வெகுநேரம் அசையவில்லை.

திரும்பி வந்தவரிடம் கடல் எப்படி என்று கேட்டேன்.

"எம்மாம் பெருசு! நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்தாண்ட ஸ்டாப்பே கண்ணுல படல." வழக்கம்போல் எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நீங்க பாக்கலியே" என்றார். அடுத்த டிரிப்பில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

அவர் இப்போது ஓசூரில், இரண்டாவது மாடியில் இருக்கிறார். லிப்ட் இல்லை. எங்கள் குழு அந்தப் பாதைக்கு அதன் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மண்டிக்காரர் என்னை வற்புறுத்தி அழைத்தார், நான் போகவில்லை. அந்த முனையில் நிற்க எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே நின்று திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் கண்டக்டர் இருக்க வேண்டும்.