சாச்சியின் அறிக்கையைக் கழுவி வைத்த கதை

பிள்ளைகளே, முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் பேசும்போது, "மாப்பிள்ளைக்குக் கம்பியூட்டரும் தெரியும்" என்று உங்கள் உம்மா வீட்டாரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரை படித்த எனக்குத் தெரிந்ததெல்லாம், கல்முனையில் நான் வைத்திருந்த தண்ணீர்க் குழாய்க் கடையில் பில் அடிப்பது மட்டும். (மின்சாரம் இல்லாத நாளில் அதையும் கையால் எழுதுவேன்.) ஆனாலும் நான் மறுக்கவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டில் குடியேறுகிறார். புது இடத்துக்குப் போகிறவன் கையில் ஒரு வித்தை இருக்கட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கல்யாணமாகி ஆறாம் மாதம் அந்த வித்தையைக் காட்டும் நாள் வந்தது.

உங்கள் உம்மாவின் தங்கச்சி, அதுதான் நஸ்ரின் சாச்சி, அப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். இறக்காமத்துப் பக்கம் யானை புகுந்து அழித்த வயல்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை எழுதியிருந்தா. நாற்பது விவசாயிகளைத் தேடிப் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் அலைந்து, ஒவ்வொருவராய்க் கேட்டு எழுதியது. அதை அன்று பின்னேரம் நான்கு மணிக்குள் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த வருடம் பட்டம் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பஜாரில் கடைகள் எல்லாம் பூட்டு. மழை வேறு. முதல் நாள் அடித்த காற்றில் இணையமும் போய்விட்டது. வீட்டிலிருந்த ஒரே பென் ட்ரைவ் காரைதீவில் சாச்சியின் சிநேகிதியிடம். நல்ல காலம், கடைக் கூரை ஒழுகியதால் என் கம்பியூட்டரையும் பிரிண்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாச்சியின் மேசைக்கு எதிரில் வைத்திருந்தேன்.

"அதுக்கென்ன மச்சி, ரவுட்டர் வேலை செய்யுதுதானே. ரெண்டையும் ஒண்டோட ஒண்டு கதைக்க வெச்சாச் சரி" என்று சாச்சியிடம் சொன்னேன், குழாய்க்கு மூட்டு வைப்பவனைப் போல.

சிக்கல் என்னவென்றால், என்னுடையது வின்டோஸ். சாச்சியின் பழைய மடிக்கணினி லினக்ஸ். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்க்காத சம்பந்திகள் மாதிரி.

முதலில் சாச்சி தன் பக்கமிருந்து என் கம்பியூட்டரைத் திறக்கப் பார்த்தா. அது பாஸ்வேர்ட் கேட்டது. நான் பாஸ்வேர்டே வைத்ததில்லை. வெறுமையாக விட்டுப் பார்த்தா. விடவில்லை.

"பாஸ்வேர்ட் இல்லாத கம்பியூட்டருக்குள்ள வெளிய இருந்து வர ஏலாதாம் மச்சான்."

"பூட்டே இல்லாத வீட்டுக்கு என்னத்துக்குத் திறப்பு?" என்று கேட்டேன். (இன்று வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.)

உங்கள் உம்மாவின் பெயரையே பாஸ்வேர்டாக வைத்தேன். அப்போதும் கதவு திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால், என் கம்பியூட்டர் நம் வீட்டை பஸ் நிலையம் போலப் பொது இடமென்று நினைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருக்கிறது. நான் அதைச் சரிசெய்யப் போய், சரியாக இருந்த வேறு இரண்டைக் கெடுத்தேன். மணி பத்தரை.

"சரி, நீ உன்ட பக்கத்தைத் திற. நான் வாறன்" என்றேன்.

சாச்சி தன் அறிக்கைக் கோப்புறையைப் பகிர்வதற்குத் திறந்தா. "எழுத, அழிக்க, எல்லாத்துக்கும் விடணுமா மச்சான்?"

"நான் என்ன வெளி ஆளா? குழாயப் பாதி திறந்தாத் தண்ணி வருமா? முழுசாத் திற."

முழுசாகத் திறந்தா. என் திரையில் அந்தக் கோப்புறை பளிச்சென்று வந்து நின்றது. "வந்திட்டு" என்றேன். மாமி தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்து, "மருமகன் செஞ்சிட்டாரு" என்று அடுக்களைக்குள் அறிவித்தா. அந்தத் தேத்தண்ணியில் சீனி வழக்கத்தைவிடக் கூட.

மூன்று பக்கம் அச்சானது. பிறகு நின்றுவிட்டது. கம்பியூட்டரில் இடம் போதாது என்று என் திரையில் ஓர் அறிவிப்பு.

இனித்தான் உங்கள் வாப்பாவின் மூளை வேலை செய்தது. நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் நாம் என்ன செய்வோம்? நம் சட்டியில் ஊற்றிக்கொண்டு, அவர்கள் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்போம். அவர்கள் பானையில் அவர்கள் கஞ்சி இருக்கத்தானே செய்யும். அதே மாதிரி சாச்சியின் கஞ்சி சாச்சியிடம், என் திரையில் இருப்பது எனக்கு வந்த பங்கு என்று நினைத்தேன். அந்தப் பங்குதான் இடத்தை அடைக்கிறது. கழுவிவிட்டு, கொஞ்சமாகத் திரும்பக் கேட்டால் முடிந்தது.

எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழி என்றேன். நிரந்தரமாக அழிக்கவா என்று அது மரியாதையாகக் கேட்டது. நானும் மரியாதையாக ஓம் என்றேன்.

"மச்சி, எல்லாத்தையும் கழுவிட்டன். அறிக்கைய மட்டும் இன்னொருக்கா அனுப்பு."

"எதக் கழுவினீங்க?"

"நீ அனுப்பினத."

"நான் ஒண்டும் அனுப்பல்லியே மச்சான். என்ட பெட்டியத்தானே திறந்து காட்டினன்."

பிள்ளைகளே, அது கஞ்சிப் பாத்திரம் இல்லை, சஹன். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவோமே, அது. அதில் நான் எடுத்த கோழிக்கால் வேறு யாருக்கும் இல்லை. இரண்டு கம்பியூட்டரின் குப்பைத்தொட்டியையும் கிளறினோம். அடுத்தவர் பெட்டிக்குள் புகுந்து அழித்தால் குப்பைத்தொட்டிக்கும் போகாதாம்.

சாச்சி அழவில்லை. தரையில் உட்கார்ந்து, "நாப்பது பேரு மச்சான்" என்று மட்டும் சொன்னா. அழுதிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

உங்கள் உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாச்சியின் திரையைக் குனிந்து பார்த்தா. "என்னகா இது, யானை படம் நிக்கிது?"

சாச்சி பாய்ந்து எழும்பினா. காலையில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்காகத் திறந்த அறிக்கை மூடப்படாமல் அப்படியே கிடந்தது. கோப்பு போய்விட்டது, திரையில் இருந்தது போகவில்லை. நாற்பது பேரின் கதையும் பின்னிணைப்பில் பத்திரமாக இருந்தது. நான் உதவிக்குக் கிட்டப் போனேன்.

"மச்சான், அல்லாஹ்வுக்காக அங்கேயே நில்லுங்க."

நின்றேன். புதுப் பெயரில் சேமித்துவிட்டா.

"இந்தப் பிரிண்டரத் தூக்கி இவட மேசைல வெச்சாச் சரிவராதா?" என்று உம்மா கேட்டா.

அது வேறு சிஸ்டம், அதற்கென்று தனி மென்பொருள் வேண்டும், அப்படியெல்லாம் சட்டென்று செய்ய முடியாது என்று நான் விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் உம்மா தூக்கி வைத்து வயரையும் மாட்டிவிட்டா. ஆறு அடி தூரம். ஒரு கேள்வியும் கேட்காமல் பிரிண்டர் அச்சடித்தது. மாமி மறுபடி எட்டிப் பார்த்தா. இந்தமுறை அடுக்களைக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாச்சியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அறிக்கையைச் சுருட்டி நான்கு அங்குலக் குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் மூடி போட்டிருந்தேன். வழியெல்லாம் கொட்டிய மழையில் ஒரு துளி உள்ளே போகவில்லை. (அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.) மூன்றரைக்குக் கொடுத்தோம். அந்த வருடமே பட்டம் கிடைத்தது.

ஆனால் சாச்சி அன்று பின்னேரமே வீட்டிலிருந்த இரண்டு கம்பியூட்டரிலும் எனக்கென்று ஓர் ஏற்பாடு செய்துவிட்டா. கடைக் கணக்கில் மட்டும் நான் கை வைக்கலாம். மற்ற எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றவோ அழிக்கவோ முடியாது. அது மெல்ல மெல்லக் கம்பியூட்டரை விட்டு இறங்கி வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியது. பெருநாளைக்கு வட்டிலப்பத்தில் கை வைத்தால் "மச்சானுக்குப் பார்க்க மட்டும்." உம்மாவின் அலுமாரியைத் திறந்தால் "பார்க்க மட்டும்."

போன கிழமை உங்கள் சின்னத் தங்கச்சியின் பாடசாலைக் கொப்பியில் ஒரு கணக்குப் பிழையாக இருந்தது. திருத்திக் கொடுக்கலாமென்று பென்சிலை எடுத்தேன். அவ கொப்பியை இழுத்துக்கொண்டு, "நீங்க பார்க்கத்தான் வாப்பா" என்றா.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிழையை அவவே கண்டுபிடித்துவிட்டா.